சாம்பல் நிறத்தில் ஆறு விஎம்கள்

விடியற்காலை 5:40க்கு போன் அடித்தது. என்னோடு ஐடி பிரிவில் வேலை பார்க்கும் தம்பி. விஎம் என்பது ஒரு பெரிய சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கம்ப்யூட்டர், திரையில் அது சாம்பல் நிறமானால் எட்ட முடியவில்லை என்று பொருள். "அண்ணா, ஆறு விஎம்மும் சாம்பல் கலர்ல நிக்குதுங்க. ஃபைல் சர்வரை மட்டும் கிளீன் பண்ணிட்டு மறுபடி ரெக்கவர் போட்டுப் பார்த்தேன், எரர் அடிக்குது. மிச்சம் அஞ்சையும் கிளீன் பண்ணிடட்டுங்களா?"

"எதையும் தொடாதே. நான் வர்ற வரைக்கும் ஒரு பட்டனையும் அமுக்காதே."

பல் கூட விளக்காமல் வண்டியை எடுத்தேன். போகிற வழியெல்லாம் மனதில் ஒரே கேள்வி. நேற்று காலை 11:30 மணியிலிருந்து இன்று அதிகாலை வரை எங்கள் ஆட்கள் அடித்துப் போட்ட கணக்கெல்லாம் இப்போது எந்த டிஸ்கில் இருக்கிறது?

நான் வேலை செய்வது திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில். வியாழக்கிழமை காலை 10:15க்கு எங்கள் ஸ்டோரேஜின், அதாவது விஎம்களின் டிஸ்குகள் இருக்கும் பெட்டியின், இரண்டு கன்ட்ரோலர்களும் செத்துவிட்டன. பாகம் வர 3 நாள் ஆகும் என்றார்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம், அதற்கு முன்னால் பீஸ் ரேட் கணக்கு முடியவேண்டும், ஒரு கன்டெய்னர் வேறு அந்த வாரம் போக வேண்டியிருந்தது. அதனால் புதன் இரவு 11 மணிக்கு எடுத்த பேக்கப்பிலிருந்து ஆறு விஎம்களை உடனடி மீட்பு முறையில் எழுப்பினோம். ஈஆர்பி (கம்பெனிக் கணக்கு மென்பொருள்) டேட்டாபேஸ், ஈஆர்பி அப்ளிகேஷன், ஃபைல் சர்வர், வருகைப் பதிவு, பார்கோடு லேபிள் அடிப்பது, அப்புறம் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர், அதாவது கம்பெனிக் கம்ப்யூட்டர்களின் லாகினைச் சரிபார்க்கும் சர்வர். 11:30க்கெல்லாம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி கூட ஐடி அறைக்கு வந்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த உடனடி மீட்பு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இது புரியாமல் பின்னால் வருவது எதுவும் புரியாது. வழக்கமான ரீஸ்டோரில் பேக்கப் கோப்பைப் பிரித்து, முழு டிஸ்கையும் ஸ்டோரேஜில் எழுதி முடித்த பிறகுதான் விஎம்மை ஆன் செய்ய முடியும். 2 டெராபைட் என்றால் அரை நாள் போய்விடும். உடனடி மீட்பில் எதையும் எடுத்து எழுதுவதில்லை. பேக்கப் சர்வர் தன்னையே ஒரு என்எஃப்எஸ் ஷேராக, அதாவது நெட்வொர்க் வழியாக எட்டும் ஃபோல்டராகக் காட்டிக்கொள்கிறது, அழுத்தி வைத்த பேக்கப் கோப்புக்குள் இருக்கும் டிஸ்கை விரித்து வைத்ததுபோல அந்த ஷேரில் காட்டுகிறது. விஎம்கள் ஓடும் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் அதை இன்னொரு டேட்டாஸ்டோர் (டிஸ்க் கோப்புகள் வைக்கும் இடம்) என்று நம்பி விஎம்மை அங்கிருந்தே பூட் செய்துவிடும். சில நிமிடம்தான் ஆகும்.

பேக்கப் கோப்பை மட்டும் யாரும் மாற்றக் கூடாது, அதனால் படிப்பது அங்கிருந்து, எழுதுவது வேறு இடத்தில். அந்த வேறு இடம் எது என்பதைத்தான் மீட்கும் நேரத்தில் ஒரு திரையில் கேட்பார்கள், அவசரத்தில் 'அடுத்து' என்று அமுக்கிக்கொண்டே போகிற திரை அது. ஒன்றும் தேர்வு செய்யாவிட்டால் எழுத்து பேக்கப் சர்வரின் உள்ளேயே ஒரு கேஷ் ஃபோல்டருக்குப் போகும். தேர்வு செய்தால், நாம் சொல்லும் டேட்டாஸ்டோரில் மாறியதை மட்டும் வைத்திருக்கும் ஒரு ஸ்நாப்ஷாட் டெல்டா கோப்பாகச் சேரும். நான் வியாழக்கிழமை டேட்டாபேஸுக்கும் ஃபைல் சர்வருக்கும் மட்டும் மூன்றாவது ஹோஸ்டின் உள்ளூர் எஸ்எஸ்டியைக் காட்டினேன், மற்ற நான்கையும் அப்படியே விட்டேன். வேகம் வேண்டும் என்றுதான் செய்தேன், பாதுகாப்பை நினைத்துச் செய்யவில்லை. அந்த முடிவுதான் வெள்ளிக்கிழமை எங்களைக் காப்பாற்றியது.

அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் பேக்கப் சர்வரின் ஈவன்ட் லாகைத் திறந்தேன். 2:10க்கு ரீஸ்டார்ட். விண்டோஸ் அப்டேட்டை இரவு 2 மணிக்குப் போட்டு, தேவைப்பட்டால் ரீஸ்டார்ட் செய்துகொள் என்று எல்லா சர்வருக்கும் ஒரே குரூப் பாலிசி. இரண்டு வருடத்துக்கு முன்னால் நானே போட்டது. சாதாரண நாளில் பேக்கப் சர்வர் 2:10க்கு ரீஸ்டார்ட் ஆனால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் வியாழன் 11:30லிருந்து அது பேக்கப் சர்வராக இல்லை, கம்பெனியின் ஒரே ஸ்டோரேஜ் அதுதான். அந்த மாற்றம் எங்கள் மண்டையில் நடக்கவே இல்லை. ஸ்டோரேஜை யாராவது வேலை நேரத்தில் ரீஸ்டார்ட் செய்வார்களா? அதைத்தான் எங்கள் பாலிசி செய்துவிட்டது.

அதனால் நான் செய்த முதல் வேலை விஎம்களைப் பார்ப்பது இல்லை. அப்டேட் சர்வீஸை நிறுத்தினேன், அந்த சர்வரை பாலிசியிலிருந்து விலக்கினேன். அப்புறம் திட்டமிட்டு வைத்திருந்த எல்லா பேக்கப் வேலைகளையும் முடக்கினேன். பேக்கப் வேலை ஓடி, இத்தனை நாள் போதும் என்று பழைய ரீஸ்டோர் பாயின்ட்டை (ஒரு நேரத்து பேக்கப் நிலையை) முழு பேக்கப்போடு இணைத்துவிட்டால், நாங்கள் ஆறு விஎம்களையும் எழுப்பிய அந்தப் புதன்கிழமைப் புள்ளி பிறகு கிடைக்காது. அது போனால் எல்லாம் போச்சு. சிக்கலைத் தேடுவதற்கு முன்னால், நிலைமை இதைவிட மோசமாகிற வழிகளை அடைக்கவேண்டும் என்பதில் நான் ரொம்பப் பிடிவாதமாக இருப்பேன்.

இப்போது விஎம்கள். வேடிக்கை என்னவென்றால் டேட்டாபேஸ் சர்வர் பிங்குக்கு, அதாவது 'இருக்கிறாயா' என்ற நெட்வொர்க் கேள்விக்கு, பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. தம்பிக்குப் பெரிய சந்தோஷம், "உயிரோட இருக்குதுங்ணா" என்றான். விஎம்மின் மெமரி ஹோஸ்டில் இருக்கிறது, பிங்குக்குப் பதில் சொல்ல இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு டிஸ்க் தேவையில்லை. லாகின் செய்யப் போனால் பாஸ்வேர்டு கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். அடிப்படை டிஸ்கை எட்ட முடியாத விஎம்முக்கு பிங் வருவதை உயிர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் பேக்கப் சர்வர் மெமரி சோதித்து, ரெய்டு கார்டு விழித்து, விண்டோஸ் அப்டேட்டை முடித்து எழ ஏறத்தாழ 15 நிமிடம் எடுத்திருந்தது. விஎம்வேர் டூல்ஸ் போட்ட லினக்ஸ் விஎம் டிஸ்குக்காக 180 விநாடி வரைதான் பொறுக்கும், விண்டோஸ் 60. ஹோஸ்டும் 140 விநாடிக்கு மேல் எல்லாப் பாதையும் அடைபட்டிருந்தால் அந்த டேட்டாஸ்டோருக்காகக் காத்திருப்பதைக் கைவிட்டுவிடும். 15 நிமிடம் என்பது இதில் எந்தக் கணக்குக்கும் அடங்காது.

ஆனால் பேக்கப் சர்வர்தான் எழுந்துவிட்டதே, பிறகும் ஏன் டேட்டாஸ்டோர் செயலற்றது என்று ஹோஸ்ட் காட்டுகிறது? தம்பியின் மீட்பு எரர் அடித்ததும் இதனால்தான். என்எஃப்எஸ் சர்வீஸ் ஓடுகிறது. பேக்கப் சர்வரிலிருந்து ஹோஸ்டுக்குப் பிங் போகிறது. ஹோஸ்டிலிருந்து என்எஃப்எஸ்ஸுக்கான 2049 போர்ட்டைத் தட்டினால் பதில் இல்லை, 111ம் இல்லை. 20 நிமிடம் இதில் போனது. கடைசியில் ஃபயர்வால் பக்கத்தைத் திறந்தால், நெட்வொர்க் வகை 'பொது' என்று இருக்கிறது. டொமைனில் சேர்ந்த சர்வர், 'டொமைன்' என்றல்லவா இருக்கவேண்டும்?

யோசித்துப் பார்த்தபோதுதான் சுற்று புரிந்தது. பேக்கப் சர்வரின் டிஎன்எஸ் (பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரி தரும் சேவை), எங்கள் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த டொமைன் கன்ட்ரோலரே இந்த பேக்கப் சர்வரிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஆறு விஎம்களில் ஒன்று. பேக்கப் சர்வர் எழும்போது டொமைனைத் தேடியது, டொமைன் கன்ட்ரோலர் பேக்கப் சர்வருக்காகக் காத்து நின்றது. டொமைன் கிடைக்காததால் விண்டோஸ் இது ஏதோ வெளி நெட்வொர்க் என்று முடிவு செய்து பொது விதிகளைப் போட்டு என்எஃப்எஸ் போர்ட்டுகளை அடைத்துவிட்டது. தனி இயந்திரத்தில் ஓடும் முதல் டொமைன் கன்ட்ரோலருக்கு டிஎன்எஸ்ஸை மாற்றி, நெட்வொர்க் அடாப்டரை ஒருமுறை முடக்கி எழுப்பியதும் 'டொமைன்' என்று மாறியது, அடுத்த நிமிடம் டேட்டாஸ்டோர் பச்சையானது. பேக்கப் சர்வரை டொமைனில் சேர்க்கவே கூடாது என்று பலர் வைரஸ், ரான்சம்வேர் காரணமாகச் சொல்வார்கள், சரிதான். எனக்கு இப்போது இன்னொரு காரணமும் கிடைத்தது. எல்லாம் விழுந்த நாளில் எதையும் கேட்காமல் தானாக எழ வேண்டிய ஒரே இயந்திரம் அது, அதன் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எல்லா ஹோஸ்டுகளின் பெயரும் ஐபியும் கையால் எழுதியே இருக்கவேண்டும்.

டேட்டாஸ்டோர் பச்சை. விஎம்கள் இன்னும் சாம்பல். "ரீஸ்கேன் குடுத்தா வந்துருமுங்களா?" என்று தம்பி கேட்டான். வராது. ஷேர் திரும்பி வந்துவிட்டது, ஆனால் அதற்குள் விரித்து வைத்திருந்த டிஸ்குகள் இல்லை. அவற்றை விரித்து வைத்தது ஒரு மீட்பு செஷன், அந்த செஷன் 2:10க்கு செத்துவிட்டது. ஹோஸ்ட் பழைய கோப்பைக் கேட்கிறது, பேக்கப் சர்வர் அப்படி ஒரு கோப்பே தெரியாது என்கிறது. மென்பொருளின் திரையில் அந்த செஷன்கள் தோல்வி என்று சிவப்பில் நிற்கின்றன, பக்கத்திலேயே 'வெளியீட்டை நிறுத்து' என்று ஒரு பட்டன் அழகாக இருக்கிறது. அதைத்தான் தம்பி ஃபைல் சர்வருக்கு அமுக்கியிருந்தான். அது விஎம்மை ஹோஸ்டிலிருந்து நீக்கி, மீட்புக்காக உருவான எல்லாவற்றையும் துடைக்கும். எஸ்எஸ்டியில் பத்திரமாக இருந்த டெல்டா கோப்பையும் சேர்த்து.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஐடி அறையில் இருக்கும் குறிப்பேட்டில், 'செஷன் சிக்கிக்கொண்டால் நிறுத்திவிட்டு மறுபடி மீட்கவும்' என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. சோதனைக்காக எழுப்பிப் பார்க்கும் விஎம்களை மனதில் வைத்து எழுதியது. மக்கள் பதினாலு மணி நேரம் வேலை செய்த விஎம்முக்கு அது பொருந்தாது என்று அங்கே எழுதவில்லை. விடியற்காலை ஐந்தரைக்குத் தனியாக நிற்கிறவன் அந்தக் குறிப்பேட்டைத்தான் நம்புவான், நம்பவும் வேண்டும்.

மிச்சம் டேட்டாபேஸ். நான் அன்று அதிகம் பயந்தது இந்த இடத்தில்தான். சிக்கி நிற்கும் விஎம் புராசஸ் டெல்டாவைப் பூட்டி வைத்திருந்தது, அதை விடுவிக்காமல் காப்பி எடுக்க முடியாது. ஹோஸ்டின் ஷெல்லில் போய் முதலில் மெதுவாக நிறுத்தும் முறை, அசையவில்லை. அடுத்தது கடினமான முறை, விழுந்தது. கட்டாய முறை வரைக்கும் போகவேண்டி வரவில்லை. மெமரியில் இருந்தது போகும், தெரியும். ஆனால் எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் ஒரு பதிவை உறுதி செய்தது என்றால் அதன் லாக் டிஸ்குக்குப் போய்விட்டது என்று அர்த்தம், டிஸ்க் என்பது இங்கே டெல்டா. அதை நம்பினேன்.

டெல்டா 11 ஜிபி. சாதாரண காப்பி கட்டளையால் அதையும் அதன் சிறிய விவரக் கோப்பையும் இரண்டு இடங்களில் எடுத்து வைத்தேன். டிஸ்க் நகலெடுக்கும் கருவியை இங்கே பயன்படுத்த முடியாது, அது அடிப்படை டிஸ்கைத் தேடும், அது இப்போது இல்லை. இரண்டு காப்பியும் முடிந்து, அளவைச் சரிபார்த்த பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

அடுத்தது அந்த டெல்டாவுக்குக் கீழே மறுபடி அடிப்படை டிஸ்கைக் கொண்டு வருவது. டெல்டாவில் இருப்பது மாறிய துண்டுகள் மட்டும், அடியில் புதன் இரவு 11 மணி டிஸ்க் அப்படியே இருந்தால்தான் அதற்குப் பொருள். நல்லவேளையாக, பேக்கப் கோப்பு மாறவே இல்லை. அதனால் அதே ரீஸ்டோர் பாயின்ட்டை வேறு பெயரில் மறுபடி உடனடி மீட்பில் விரித்தோம், நெட்வொர்க் இல்லாமல், முக்கியமாக ஆன் செய்யாமல். இந்த 'ஆன் செய்யாமல்' என்பதைத் தம்பிக்கு மூன்று முறை சொன்னேன். ஒவ்வொரு டிஸ்க் விவரக் கோப்பிலும் எட்டு எழுத்தில் ஒரு அடையாள எண் உண்டு. டெல்டா தன் தாய் டிஸ்கின் எண்ணைக் குறித்து வைத்திருக்கும். தாய் டிஸ்கை நேரடியாக ஆன் செய்து ஒரு எழுத்து எழுதினாலும் அந்த எண் மாறும், உள்ளடக்கமும் மாறும், பிறகு டெல்டாவைத் திறந்தால் தாய் டிஸ்க் மாற்றப்பட்டுவிட்டது என்று ஹோஸ்ட் மறுத்துவிடும். எண்ணைக் கையால் திருத்தி ஏமாற்றலாம். ஹோஸ்ட் ஏமாறும், டேட்டா ஏமாறாது.

விவரக் கோப்பைத் திறந்து பார்த்தோம். எண்கள் இரண்டும் ஒன்று. பாதை மட்டும் மாறியிருந்தது, புதிதாக விரித்ததில் ஃபோல்டர் பெயரோடு ஏதோ பின்னொட்டு சேர்ந்திருந்தது. தாய் டிஸ்க் எங்கே என்று சொல்லும் அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினேன். என்எஃப்எஸ் டேட்டாஸ்டோரின் உள் அடையாளம் சர்வர் முகவரியையும் ஷேர் பாதையையும் வைத்து அமைவதால், பேக்கப் சர்வரின் ஐபியை நாங்கள் மாற்றாமல் இருந்தது உதவியது.

டெல்டாவின் ஒரு காப்பியை வைத்து ஒரு சோதனை விஎம் அமைத்தோம், நெட்வொர்க் துண்டித்து. ஆன் செய்தபோது 'நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா' என்று கேட்டது. நகர்த்தினேன் என்றுதான் சொல்லவேண்டும். நகல் என்றால் விஎம்மின் அடையாள எண்ணான யுயுஐடியும் அதன் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியும் மாறும், எங்கள் ஈஆர்பி லைசென்ஸ் மேக் முகவரியைப் பார்க்கிறது. போஸ்ட்கிரெஸ் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் திரையையே பார்த்தோம். முறையாக நிறுத்தப்படவில்லை, தானாக மீட்கிறேன் என்றது. மீட்பு எங்கே தொடங்குகிறது என்று ஒரு வரி, எங்கே முடிந்தது என்று இன்னொரு வரி. பிறகு இணைப்புகளுக்குத் தயார். கடைசி பதிவைத் தேடினேன். பேக்கிங் பிரிவு, அட்டைப்பெட்டி எண்ணோடு, நேரம் 2:07. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான், தூக்கமில்லாததாலும் இருக்கலாம்.

மணி அப்போது எட்டே முக்கால். கணக்குப் பிரிவு அக்கா ஐடி அறை வாசலில் வந்து நின்றார். "தம்பி, வந்துருச்சுன்னா குடுத்துருங்க, பொண்ணுகளெல்லாம் சும்மா உக்காந்திருக்காங்க." கொடுத்திருக்கலாம். அந்த விஎம்முக்கு நெட்வொர்க்கை இணைத்தால் போதும். ஆனால் அது இன்னும் பேக்கப் சர்வரின் தோளில்தான் நிற்கிறது, வியாழக்கிழமை செய்த அதே தவறை வெள்ளிக்கிழமை மறுபடி செய்வதாக ஆகும். பழைய ஸ்டோரேஜ் ஒன்றில் இடம் ஒழித்து வெள்ளி இரவு மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் முதல் திட்டம். அந்த இடத்தை வியாழன் மதியமே ஒழித்து, அன்றே மாற்றத் தொடங்கியிருக்கவேண்டும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். "அக்கா, ஒரு மணி வரைக்கும் பொறுத்துக்குங்க, ஒரேயடியா நல்லா குடுத்துடறேன்" என்றேன். முதலாளியிடமும் அதையே சொன்னேன், அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் விட்டுவிட்டார்.

சோதனை விஎம்மை அணைத்து, கைபடாத டெல்டாவிலிருந்து முழுச் சங்கிலியையும் படித்து ஒரே தனி டிஸ்காகப் பழைய ஸ்டோரேஜில் நகலெடுக்கவிட்டேன். 400 ஜிபி. பேக்கப் டிஸ்குகள் எல்லாம் பெரிய சாட்டா டிஸ்குகள், நிறைய இடத்துக்காக வாங்கியவை, வேகத்துக்காக இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் மற்றவற்றைப் பார்த்தோம். கேஷ் ஃபோல்டரில் எழுதப்பட்ட நான்கின் மாற்றங்கள் செஷனோடு போய்விட்டன, ஆனால் அதில் வலி குறைவு. பார்கோடு சர்வரிலும் ஈஆர்பி அப்ளிகேஷனிலும் சேர்த்து வைப்பதற்கு ஒன்றும் இல்லை, புதனிலிருந்தே எடுத்தோம். வருகைப் பதிவில் கைரேகை மெஷின்கள் தங்கள் மெமரியிலேயே பதிவுகளை வைத்திருக்கும், மறுபடி இழுத்துக்கொள்ளச் சொன்னதும் வந்துவிட்டன.

டொமைன் கன்ட்ரோலரை மட்டும் மீட்கவே இல்லை. தம்பி ஏன் என்று கேட்டான். ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரும் தான் செய்யும் மாற்றங்களுக்கு வரிசை எண் போடும். மற்ற கன்ட்ரோலர், 'உன்னிடமிருந்து 5000 வரை வாங்கிவிட்டேன்' என்று நினைவு வைத்திருக்கும். பழைய நிலைக்குத் திருப்பிய கன்ட்ரோலர் 4000லிருந்து மறுபடி எண் போட ஆரம்பித்தால், மற்றது அந்த மாற்றங்களை ஏற்கெனவே வாங்கியதாக நினைத்துப் பேசாமல் விட்டுவிடும். எரர் வராது, இரண்டும் வேறு வேறு கதை சொல்லத் தொடங்கும். விண்டோஸ் சர்வர் 2012 முதல் ஹைப்பர்வைசர் தரும் ஒரு தலைமுறை அடையாளத்தை வைத்து இதைத் தடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. இருந்தாலும் இரண்டு நாளில் இரண்டு முறை பின்னோக்கித் திருப்பிய கன்ட்ரோலரை நம்ப எனக்கு மனமில்லை. முதல் கன்ட்ரோலர் நலமாக இருக்கும்போது, இரண்டாவதைப் பட்டியலிலிருந்து நீக்கி புதிதாக ஒன்று அமைப்பது ஒரு மணி நேர வேலை.

12:50க்கு டேட்டாபேஸ் பழைய ஸ்டோரேஜிலிருந்து எழுந்தது. மாறிய துண்டுகளைக் கணக்கு வைக்கும் கோப்பை அழித்துப் புதிதாகத் தொடங்கவிட்டேன், இத்தனை கலவரத்துக்குப் பிறகு அந்தக் கணக்கை நம்பி மாறியதை மட்டும் இன்க்ரிமென்டலாக எடுத்தால் பேக்கப்பே தப்பாகிவிடும். முதல் பேக்கப் முழுதாக, வேறு டிஸ்குக்கு.

ஃபைல் சர்வர் புதன் இரவோடு வந்தது. வியாழன் மதியம் முதல் சேர்ந்தவை போயின. தம்பி யாரும் சொல்லாமலே ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர்கள் ஒவ்வொருவர் மேஜையாகப் போய் உட்கார்ந்து, அனுப்பிய மெயில்களின் இணைப்புகளிலிருந்தும் அவர்கள் கம்ப்யூட்டரின் தற்காலிகக் கோப்புகளிலிருந்தும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தான். சனிக்கிழமை மாலை வரை அதையே செய்தான். ஒரு பையர் அனுப்பிய அளவுப் பட்டியலில் கையால் போட்ட திருத்தங்கள் மட்டும் கிடைக்கவில்லை. அதை அந்த மெர்ச்சன்டைசர் பெண் மறுபடி உட்கார்ந்து போட்டார்.

சனிக்கிழமை சம்பளம் வழக்கமான நேரத்துக்குப் போனது. ஞாயிறு மதியம் கன்ட்ரோலர்கள் வந்தன, மாட்டினோம், பழைய டேட்டாஸ்டோர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. பட்டியலில் அதே ஆறு பெயர்கள் இன்னொரு முறை வந்து நின்றன, வியாழன் 10:15க்கு நின்றுபோன நிலையில். ஒன்றைத் தவறுதலாக ஆன் செய்தால் ஒரே பெயரில், ஒரே ஐபியில் இரண்டு டேட்டாபேஸ். முதலில் ஆறின் நெட்வொர்க்கையும் துண்டித்தோம், பெயருக்கு முன்னால் 'பழையது, ஆன் செய்யாதே' என்று சேர்த்தோம். அப்புறம் பழைய ஃபைல் சர்வரின் டிஸ்கை மட்டும் ஒரு தனி விஎம்மில் படிப்பதற்காக இணைத்து, வியாழன் காலை சேர்ந்திருந்த கோப்புகளை எடுக்கத் தொடங்கினோம். இந்த முறை கீபோர்டு தம்பியிடம் இருந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தான், நான் தலையாட்டினேன்.